மருமகள் கொண்டுவந்த மாவு

சுத்தக்காரி என்று எனக்கு ஊரில் ஒரு பெயர் உண்டு. பாதி பாராட்டு, பாதி கேலி. விழிதியூரில் எங்கள் தெருவுக்குள் நுழைந்து சுத்தக்காரி வீடு எது என்று கேட்டால் யாரும் கை காட்டுவார்கள். அந்தப் பெயரை வைத்துக்கொண்டு நான் செய்த காரியத்தைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

போன ஆடி அமாவாசையன்று காலையில், என் மருமகள் தன் நாட்டிலிருந்து கொண்டுவந்திருந்த ஒரு ஜாடி புளித்த மாவை மாட்டுத் தொட்டியில் கொட்டினேன். செத்துப்போன அவளுடைய அம்மா வருஷக்கணக்காக வளர்த்துவந்த மாவு அது. எட்டு நாள் கழித்து அவர்களுடைய அறுவடைத் திருநாள். அன்றைக்கு அம்மா சுடும் ரொட்டியை இந்த வருஷம் அம்மா இல்லாமல் தானே சுட வேண்டும் என்பதற்காக, துணிகளுக்கு நடுவே சுற்றிவைத்துப் பத்திரமாகக் கொண்டுவந்திருந்தாள். எனக்கு இதில் எதுவும் தெரியாது. தெரியாமல் செய்ததற்கு என்ன பண்ண முடியும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். அப்படிச் சொல்கிறவர்கள் யாரும் அன்றைக்கு அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

நான் காரைக்காலில் ஓர் அரசு அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவள். கணவர் போய் நான்கு வருஷம் ஆகிறது. ஒரே மகன், பிரான்சில் வேலை. காரைக்கால்காரர்களுக்குப் பிரான்சில் சொந்தம் இருப்பது ஒன்றும் அதிசயமில்லை. ஆனால் எங்கள் தெருவுக்கு அங்கிருந்து மருமகளாக வந்தவள் இவள்தான் முதல். கல்யாணம் அங்கேயே பதிவு செய்துகொண்டார்கள். நான் போனில் பார்த்து, போனிலேயே அட்சதை போட்டேன். மாசி மாதத்தில் அவளுடைய அம்மா இறந்துபோன செய்தியும் போனில்தான் வந்தது. நானும் போனிலேயே அழுதேன்.

கல்யாணமான முதல் ஆடியில் பெண்ணை அம்மா வீட்டுக்கு அழைத்துக்கொண்டு போவது எங்கள் வழக்கம். புருஷனும் பெண்டாட்டியும் ஒரு மாதம் பிரிந்திருக்க வேண்டும். இவர்களோ ஆடி பிறந்த கையோடு சேர்ந்தே வந்து இறங்கினார்கள். அங்கே இருந்த வீட்டைக் காலி செய்துவிட்டு, புது வீட்டுக்குப் போவதற்குள் இரண்டு மாதம் இங்கே தங்குவதாக ஏற்பாடு. என் கொழுந்தனார் மனைவி குரும்பகரத்திலிருந்து பார்க்க வந்தாள். அவளுக்கு எதிலும் ஒரு நக்கல்.

"என்னாக்கா, ஆடியில ஜோடியா வந்து நிக்கிறாங்க?" என்றாள்.

"அவளுக்குப் போவறதுக்கு அம்மா வூடு ஏதுடி?" என்றேன். சட்டென்று வந்துவிட்ட பதில்தான். சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டேன்.

அவள் வந்துபோன மறுநாளே மகனை ஆபீஸ் வேலை என்று பெங்களூருக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். ஆடி தன் வேலையைச் செய்துவிட்டது என்று கொழுந்தனார் மனைவி சிரித்தாள். வீட்டில் நாங்கள் இரண்டு பெண்கள் மட்டும். அவளுக்குத் தமிழில் இருபது வார்த்தை. எனக்கு அவள் பாஷையில் அதுகூடக் கிடையாது. நடுவில் அவள் போன் இருந்தது. அவள் பேசினால் அது தமிழில் சொல்லும், நான் பேசினால் அவள் பாஷையில் சொல்லும்.

அந்தப் போன் பேசிய தமிழைக் கேட்டு முதலில் நான் சிரித்த சிரிப்பு கொஞ்சமல்ல. நீங்கள் வேதக்காரர்கள்தானே, ஞாயிற்றுக்கிழமை காரைக்காலில் சர்ச்சுக்கு அழைத்துப் போகட்டுமா என்று ஒரு நாள் கேட்டேன். அவள் தலையை ஆட்டிவிட்டுப் போனிடம் ஏதோ சொன்னாள். போன், "இல்லை, நான் ஓர் அஞ்ஞானி" என்றது.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பிறகுதான் ஞாபகம் வந்தது. ஆபீஸில் என் பக்கத்து நாற்காலிக்காரம்மா சர்ச்சுக்குப் போகிறவர். அவர்கள் வேதத்தில் சேராத எல்லோரையும் அந்தக் காலத்தில் அவர்கள் ஆட்கள் அஞ்ஞானி என்றுதான் சொல்வார்களாம். என்னையும் சேர்த்துத்தான். மருமகள் மேலும் விளக்கினாள். சூரியன், மண், மழை, மரம், விளைச்சல் இவற்றைக் கும்பிடுகிறவர்களாம். அம்மா வழியாக வந்ததாம். வருஷத்தில் எட்டு நாள் திருநாள். அதில் ஒன்று முதல் தானியத்தை அறுத்து ரொட்டி சுடும் நாள், ஆடி மாத நடுவில் வருகிறது.

"அப்பன்னா நீயும் நானும் ஒரே கட்சிதான்" என்றேன். போன் அதை எப்படிச் சொன்னதோ, அவள் என்னைக் கட்டிக்கொண்டாள். எனக்குக் கட்டிக்கொள்ளத் தெரியாது. கரண்டியைக் கையில் பிடித்துக்கொண்டு விறைத்து நின்றேன்.

விளைச்சல் திருநாள் என்று சொன்னாளே தவிர, அந்த மாதத்தில் எங்கள் பக்கம் விளைச்சல் எங்கே இருக்கிறது? ஆற்றில் தண்ணீர் வருமா வராதா என்று வானத்தையும் வாய்க்காலையும் பார்த்துக்கொண்டிருக்கிற மாதம். அவளைக் குரும்பகரத்துக்கு ஸ்கூட்டரில் அழைத்துப் போனேன். புதுக் கதிர் ஒரு பிடி வேண்டும், ரொட்டிக்குப் பக்கத்தில் வைக்க வேண்டும் என்று கேட்டாள்.

"நாத்தே இப்பதான் வுட்டுருக்கு. கதிருக்கு நான் எங்க போறது?" என்றாள் கொழுந்தனார் மனைவி. "தைக்கு வரச் சொல்லுங்கக்கா. கட்டு கட்டா தர்றேன்."

மருமகள் நாற்றங்காலின் பச்சையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, பரவாயில்லை, மாவு இருக்கிறது, அது போதும் என்று போன் மூலம் சொன்னாள். மாவு என்றால் கோதுமை மாவு, காரைக்காலில் எந்தக் கடையிலும் கிடைப்பது, அதற்கு இவ்வளவு பெருமையா என்று நான் நினைத்தேன். அவள் சொன்னது எந்த மாவை என்று அப்போது நான் கேட்டிருக்க வேண்டும்.

திரும்பும் வழியில் காரைக்கால் கடைத்தெருவில் பூக்கடை முன்னால் ஸ்கூட்டரை நிறுத்தச் சொல்லி என் தோளைத் தட்டினாள். இறங்கிப் போய், கதம்பத்துக்காக ஒரு கூடையில் குவித்து வைத்திருந்த மருவில் ஒரு கொத்தை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டாள். கண் மூடிவிட்டது. அவள் அம்மா ரொட்டியில் சேர்க்கும் இலை இதுதானாம். அங்கே தோட்டத்தில் வளர்ப்பார்களாம்.

"என்னாம்மா, வெள்ளக்காரப் பொண்ணு மருவப் பாத்து இப்புடிச் சொக்கிப் போயி நிக்கிது?" என்றாள் பூக்காரி.

"ரொட்டியில போடுவாளாம்."

"தலையில வைக்கிறதையா?"

"ஆமா. நம்ம தலைக்கு வைக்கிறோம், அவ வவுத்துக்கு வைக்கிறா."

பூக்காரி சிரித்துச் சிரித்து ஒரு கொத்து கூடுதலாகவே போட்டுக் கொடுத்தாள். மருமகளும் எதற்கென்று தெரியாமல் சேர்ந்து சிரித்தாள். வீட்டில் தொட்டியில் இருக்கும் கற்பூரவல்லியையும் முகர்ந்து பார்த்து, இதுவும் சரி என்றாள். சளிக்குக் கசாயம் வைக்கும் இலை. நல்லது, ரொட்டி தின்றால் சளியும் போகும் என்றேன். அந்த நாட்களை நினைத்தால் இப்போது என் மேலேயே எனக்கு ஆத்திரம் வருகிறது. எல்லாவற்றையும் கேலி செய்வதற்கு நேரம் இருந்தது, உருப்படியாக ஒரு கேள்வி கேட்க நேரமில்லை.

அந்த ஜாடியைப் பற்றிச் சொல்ல வேண்டும். சின்னக் கண்ணாடி ஜாடி, வாயில் ஒரு துணி கட்டியிருக்கும். காலையில் எழுந்ததும் முதலில் அதைத்தான் பார்ப்பாள். மோந்து பார்ப்பாள். பாதி மாவை எடுத்துக் கொல்லையில் வாழை மரத்தடியில் கொட்டுவாள். மீதியில் ஒரு பிடி கோதுமை மாவும் தண்ணீரும் சேர்த்துக் கிளறி, மாவு எந்த மட்டத்தில் இருக்கிறதோ அங்கே ஜாடிக்கு வெளியே ஒரு ரப்பர் பேண்டைப் போட்டு வைப்பாள். எங்கள் ஊர்ச் சூட்டுக்கு அது மதியத்துக்குள் பொங்கித் துணியை நனைத்துவிடும். முதலில் ஃப்ரிட்ஜில்தான் வைத்தாள். பாலில் புளிப்பு வாடை ஏறுகிறது என்று நானே வெளியே எடுத்து வைக்கச் சொன்னேன்.

இது என்ன என்று ஒரு நாள் கேட்கத்தான் கேட்டேன். அவள் நீளமாகப் பேசினாள். பேசும்போது ஜாடியின் மேல் கையை வைத்துக்கொண்டிருந்தாள். போன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "இது பழைய புளித்த மாவு. தாய் மாவு" என்றது.

கடலை மாவு, மைதா மாவு என்பது போலத் தாய் மாவு என்று ஒரு தினுசு இருக்கும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். என் காதில் நின்றது பழைய, புளித்த என்ற இரண்டு வார்த்தைகள்தான். எங்கள் வீட்டு அடுப்படியில் அந்த இரண்டு வார்த்தைக்கும் ஒரே அர்த்தம், எடுத்துக் கொட்டு என்பது. அதுவும் தினமும் அவளே பாதியைக் கொட்டுகிறாள். வேண்டிய பொருளை யாராவது பாதி பாதியாகக் கொட்டுவார்களா?

ஆடி அமாவாசைக்கு மகன் வந்து, அப்பாவுக்குக் கடற்கரையில் தர்ப்பணம் கொடுப்பதாகச் சொல்லியிருந்தான். முதல் நாள் சாயங்காலம் போன் செய்து, லீவு தர மாட்டேன் என்கிறார்கள் அம்மா என்றான். நான் போனிலேயே கத்தினேன். நான்கு வருஷத்தில் இந்த ஒரு வருஷம்தான் இந்தியாவில் இருக்கிறான், அதற்கும் இப்படி. கொழுந்தனார்தான் காரைக்கால் கடலுக்குப் போய் அண்ணனுக்குச் செய்வதாக ஏற்பாடாயிற்று. எனக்கு மனசு ஆறவில்லை. பெற்ற பிள்ளை வராத குறையை வேறு எதிலாவது ஈடுகட்ட வேண்டும் என்று ஒரு வெறி. எனக்குத் தெரிந்தது ஒன்றுதான், சுத்தம்.

அமாவாசைப் படையல் போடும் வீட்டில் முதல் நாள் சாப்பாட்டில் மிச்சம் எதுவும் இருக்கக் கூடாது. பழைய சோறு, நேற்றைய குழம்பு, அரைத்து வைத்த மாவு எல்லாவற்றையும் அப்புறப்படுத்திவிட்டு, குளித்து, ஈரத்தோடு அடுப்பு மூட்டுவது எங்கள் வீட்டு முறை. விடிந்ததும் ஆரம்பித்தேன். மருமகள் தூங்கிக்கொண்டிருந்தாள். என் இட்லி மாவைத் தொட்டியில் கொட்டினேன். பக்கத்தில் இருந்த ஜாடியையும் எடுத்துக் கவிழ்த்தேன். பசையாக ஒட்டிக்கொண்டு விழ மாட்டேன் என்றது. கரண்டியால் வழித்து விட்டேன். சோப்புப் போட்டு, பிரஷ் விட்டுத் தேய்த்து, வெந்நீர் ஊற்றி அலசி, வெயிலில் கவிழ்த்து வைத்தேன். ரப்பர் பேண்டைக்கூட எடுத்துக் கழுவினேன். கட்டியிருந்த துணியையும் துவைத்துக் கொடியில் போட்டேன். மாடு தொட்டியில் வாயை விட்டு உறிஞ்சுகிற சத்தம் அடுப்படி வரை கேட்டது.

அவள் எழுந்து வந்தபோது நான் வாழைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். மேடையைப் பார்த்தாள். அலமாரியைப் பார்த்தாள். ஃப்ரிட்ஜைத் திறந்து மூடினாள்.

"அத்தை, மாவு?" என்றாள்.

"இன்னக்கி அமாவாசம்மா. பழசு இருக்கக் கூடாது. மாட்டுக்கு ஊத்திட்டேன்" என்று கையால் மாட்டுக் கொட்டகையைக் காட்டினேன். நல்ல காரியம் செய்தவள் மாதிரிச் சிரித்துக்கொண்டே காட்டினேன்.

அவள் கொல்லைக்கு ஓடினாள். தொட்டியில் தவிடும் புண்ணாக்கும் கலந்த தண்ணீர் அடியில் கொஞ்சம் கிடந்தது. முழங்கை வரை கையை விட்டுத் துழாவினாள். ஓரங்களைத் தடவித் தடவிப் பார்த்தாள். பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். கத்தி அழவில்லை. அவள் தோள் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. நான் பக்கத்தில் போய், "என்னம்மா, என்னம்மா" என்று கேட்டுக்கொண்டே நின்றேன்.

மகனுக்குப் போன் போட்டேன். விஷயத்தைச் சொன்னதும், எந்த ஜாடி, எந்த ஜாடி என்று இரண்டு தடவை கேட்டான்.

"டேய், என்னடா? ஒரு பிடி மாவுதான்டா. நான் வாங்கித் தந்துடுறேன்."

"வாங்க முடியாதும்மா" என்றான். "அது உறை மாதிரிம்மா. தயிருக்கு உறை ஊத்துவீல்ல, அது மாதிரி. இவ பள்ளிக்கூடம் போன காலத்துலேந்து அவங்க அம்மா அத வுடாம வச்சிருந்தாங்க. அதுல ஒரு கரண்டி போட்டுத்தான் ரொட்டி. இந்தப் பண்டிகைக்கு அதுலதான் செய்யணும்னு எடுத்துட்டு வந்தா."

உறை. அந்த ஒரு வார்த்தையை அந்தப் போன் சொல்லியிருந்தால் போதும். உறை என்றால் எனக்குத் தெரியாதா? எங்கள் வீட்டுத் தயிர் ஒரு நாள் தவறினதில்லை. ஊருக்குப் போனால்கூடப் பக்கத்து வீட்டில் ஒரு கிண்ணம் கொடுத்துவிட்டு, வந்ததும் திரும்ப வாங்கி ஊற்றுகிறவள் நான். உறையை யாராவது கொட்டுவார்களா? கொட்டினால் அவள் பெண்பிள்ளையா? புளித்த மாவு என்றதால் கொட்டினேன். உறை என்றிருந்தால் அந்த ஜாடியைச் சாமி அறையில் வைத்திருப்பேன்.

அன்றைக்குப் படையல் போட்டேன். என் கணவருக்குப் பிடித்த எல்லாம் செய்து இலை போட்டு, காக்கைக்குச் சோறு வைத்தேன். காக்கை உடனே வந்து எடுத்தது. அப்பாடா என்று இருக்க வேண்டும். எனக்கு அப்படி இல்லை. என் வீட்டுச் செத்தவரை உபசரிக்கிற அவசரத்தில் அவள் வீட்டுச் செத்தவளை வெளியே கொட்டிவிட்டேன் என்பது அந்த இலையைப் பார்த்தபோதுதான் எனக்கு முழுசாக உறைத்தது. மருமகள் குளித்துவிட்டு வந்து, என் பக்கத்தில் நின்று, என் கணவரின் படத்தைக் கும்பிட்டாள். நானாக இருந்தால் வந்திருக்க மாட்டேன்.

அதற்குப் பிறகு நான் செய்த பைத்தியக்காரத்தனங்களைக் கேளுங்கள். அவள் தினமும் பாதி மாவைக் கொட்டிய வாழை மரத்தடியில் குந்தி உட்கார்ந்து கிளறினேன். காய்ந்த பொருக்கு கொஞ்சம் கிடைத்தது. அதில் எறும்பு பாதி, மண் பாதி. ஒரு கிண்ணத்தில் போட்டுத் தண்ணீர் ஊற்றி மூடி வைத்தேன். மறுநாள் திறந்தால் சாக்கடை நாற்றம். துவைத்த துணியை எடுத்து மடிப்புக்கு மடிப்பு பார்த்தேன். ஜாடியின் வாய் விளிம்பைக் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தேன். என் கை பட்ட பொருளில் எப்போதாவது அழுக்கு மிச்சம் இருந்திருக்கிறதா? வாழ்க்கையில் முதல் முறையாக நான் ஒரு பாத்திரத்தைச் சரியாகக் கழுவாமல் விட்டிருக்கக் கூடாதா என்று ஏங்கினேன்.

மகன் அவளுடைய அண்ணனிடம் பேசினான். அம்மா செத்த வாரமே வீட்டை ஒழித்து, ஃப்ரிட்ஜில் இருந்ததையெல்லாம் அவர் குப்பையில் போட்டுவிட்டாராம். இவள் முன்னதாகவே எடுத்து வைத்துக்கொண்டதுதான் மிச்சம். இவர்கள் வீட்டில் கொஞ்சம் இருந்ததே என்றால், காலி செய்யும்போது ஃப்ரிட்ஜை விற்றுவிட்டார்கள். அம்மா யாருக்காவது கொடுத்திருக்க மாட்டாரா, அக்கம்பக்கத்தில் கேளேன்டா என்று கெஞ்சினேன். அங்க யாருக்கும்மா இதெல்லாம், என்றான்.

காரைக்காலுக்குப் போனேன். அத்தனை பேக்கரி இருக்கிறதே, ஒருத்தரிடமாவது இருக்காதா என்று கடை கடையாக ஏறினேன்.

"புளிக்க வச்ச மாவு இருக்கா தம்பி? ரொட்டிக்குப் போடுறது."

"நாங்க பாக்கெட் ஈஸ்ட்டுதாங்க போடுறோம். புளிச்ச மாவு வேணும்னா நீங்க மளிகைக் கடையிலதாங்க கேக்கணும், இட்லி மாவு இருக்கும்" என்றார் ஒருவர். நல்ல மனசோடு சொன்னார். எங்கேயாவது கிடைத்தாலும் அது வேறு யாருடைய அம்மாவோ வளர்த்தது என்பது வெயிலில் திரும்பி வரும்போதுதான் எனக்கு உறைத்தது. பாலத்துக்குப் பக்கத்தில் ஸ்கூட்டரை ஓரம் கட்டி நிறுத்தி, கொஞ்ச நேரம் அழுதுவிட்டு வந்தேன்.

அவள் திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். திட்டுக்குத் திட்டு பேசத் தெரிந்தவள் நான், மன்னிப்புக் கேட்கவும் ஒரு வழி கிடைத்திருக்கும். அவள் திட்டவில்லை. நான் போனைப் பிடித்துக்கொண்டு மன்னித்துவிடு என்று சொல்லும்போதெல்லாம், "பரவாயில்ல அத்தை" என்றாள். எங்கே கற்றுக்கொண்டாளோ அந்த வார்த்தையை. காலையில் எழுந்ததும் பழக்கத்தில் அடுப்படிக்கு வருவாள். மேடையில் அந்த இடத்தைப் பார்ப்பாள். பிறகு என்ன செய்வதென்று தெரியாமல் எனக்குக் காய் நறுக்கிக் கொடுப்பாள். அவள் நறுக்குகிற கத்தரிக்காயைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

மூன்றாம் நாள் அவளாகவே அதே ஜாடியில் புது மாவும் தண்ணீரும் கலந்து வைத்தாள். பழையது இல்லாவிட்டாலும் மாவு தானாகப் புளிக்கும், உங்கள் ஊர்ச் சூட்டுக்குச் சீக்கிரம் புளிக்கும் என்று போன் சொன்னது. அதற்கு நான் காவல் இருந்தேன். அடுப்படியில் யார் நுழைந்தாலும் கண் அங்கேதான். கொழுந்தனார் மனைவி வந்து ஜாடியை நகர்த்தப் போனாள். "அத தொடாத" என்று நான் போட்ட சத்தத்தில் அவள் கையில் இருந்த டம்ளர் விழுந்தது. முதல் இரண்டு நாள் நாற்றம் அடித்தது. நான்காம் நாள் குமிழ் விட்டுப் பொங்கியது. அவள் மோந்து பார்த்துவிட்டு மறுபடியும் துணியைக் கட்டி வைத்தாள். எனக்கு ஒரு நப்பாசை. அதே ஜாடி, அதே கை. உறை போனாலும், கைப்பக்குவம் என்று ஒன்று இருக்கிறதல்லவா?

திருநாள் அன்று காலையில் அவள் தலைக்குக் குளித்தாள். மருவையும் கற்பூரவல்லியையும் பொடியாக நறுக்கி, முந்தின நாளே பிசைந்து வைத்திருந்த மாவில் சேர்த்து உருட்டினாள். உருண்டையின் மேல் பிளேடால் கீறிக் கதிர் ஒன்று வரைந்தாள். வயலில் கிடைக்காத கதிரை மாவிலேயே வரைந்துகொள்கிறாள் என்று நினைத்தேன். மகன் வாங்கிக் கொடுத்திருந்த சின்ன ஓவனில் வைத்தாள். கரண்டு போகக் கூடாதே என்று தெரிந்த சாமியை எல்லாம் வேண்டிக்கொண்டேன். போகவில்லை. ரொட்டி நன்றாக எழும்பி, மேலே சிவந்து வெடித்து வந்தது. வீடு முழுக்க மருவின் வாசம். பூக்கடைக்குள் யாரோ அடை சுடுகிற மாதிரி இருந்தது.

ஆறும் வரை காத்திருந்தோம். பிறகு அவள் கத்தியைத் தொடாமல், ரொட்டியைக் கையால் பிட்டாள். பிட்ட துண்டை என் முன்னால் நீட்டினாள். நீ சாப்பிடு என்று ஜாடை காட்டினேன். தலையை ஆட்டிவிட்டுப் போனை எடுத்துப் பேசினாள். அந்தப் பாழாய்ப்போன போன் அன்றைக்குப் பார்த்து ஒரு சொல் பிசகாமல் சொன்னது.

"எங்கள் வழக்கத்தில் முதல் துண்டு வீட்டில் மூத்த பெண்ணுக்கு. போன வருஷம் வரை என் அம்மா சாப்பிட்டார். இந்த வீட்டில் மூத்தவர் நீங்கள்."

அந்தத் துண்டை வாங்க எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? வேண்டாம் என்று சொல்வதற்குத்தான் என்ன யோக்கியதை? கை நீட்டி வாங்கினேன். கொஞ்சம் பிட்டு வாயில் போட்டேன். மேல் தோல் மொறுமொறுவென்று இருந்தது, உள்ளே பஞ்சு, லேசான புளிப்பு, பின்னால் அந்த இலைகளின் காரம். நன்றாகவே இருந்தது. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் என்ன சொல்வேன் என்று காத்திருந்தாள். அவள் அம்மாவின் ரொட்டி எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள இருந்த ஒரே வழியை நான்தான் கரண்டியால் வழித்துக் கொட்டிவிட்டேன்.

"நல்லா இருக்கும்மா" என்றேன்.

அப்புறம் அவள் ஒரு துண்டு எடுத்துச் சாப்பிட்டாள். மெதுவாக மென்றாள். கண்ணை மூடிக்கொண்டு, நாக்கைப் புரட்டிப் புரட்டி, எதையோ தேடுகிற மாதிரி மென்றாள். நானும் அவள் முகத்தையே பார்த்தேன். கிடைத்துவிட வேண்டும், ஒரு ஓரத்திலாவது, ஒரு துளியாவது கிடைத்துவிட வேண்டும் என்று இருந்தது. அவள் விழுங்கினாள். கண்ணைத் திறந்தாள். போனை எடுக்கவில்லை.

"அம்மா மாதிரி இல்ல, அத்தை" என்றாள்.

எட்டு நாளில் அவள் வாயிலிருந்து வந்த ஒரே குறை அது. அதையும் குறையாகச் சொல்லவில்லை, எனக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று சொல்கிற மாதிரிச் சொன்னாள்.

"இல்லதாம்மா" என்றேன். முதல் துண்டில் பாதி இன்னும் என் கையில் இருந்தது. அதைத் தின்னவும் முடியாமல், கீழே வைக்கவும் முடியாமல் அவள் முன்னால் நின்றுகொண்டிருந்தேன்.